ஜெனரேட்டர் ஓடிய மணிநேரம்

இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு மணி நேரம். 2019-ஆம் ஆண்டு முழுக்க, தினம் ஆறு மணி நேரம் தன் ஐஸ் கம்பெனியில் டீசல் ஜெனரேட்டர் ஓடியது என்றார் டெரிக் அங்கிள். நான் எழுதிக்கொண்டேன்.

டீசலை விட்டு சோலாருக்கு மாறுகிறவர்களுக்கு அரசு மானியம் தருகிறது. முன்பு எவ்வளவு கரியமில வாயு விட்டார்கள் என்று காட்ட வேண்டும். அதற்கு 2019-தான் அடிப்படை ஆண்டு. அதிகம் விட்டவருக்கு அதிக மானியம். காசிமேட்டில் அந்தப் படிவங்களை நிரப்ப, இயற்பியல் படித்த என்னை மண்டல அலுவலகத்தில் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள்.

அதே கம்பெனியில்தான் என் அப்பா அம்புரோஸ் ஆபரேட்டராக இருந்தார். 2019 நவம்பர் பதினான்காம் தேதி, ஐஸ் மெஷினைக் குளிரூட்டும் அமோனியா வாயு கசிந்து இறந்தார். அன்று பகல் முழுக்க கரண்ட் இல்லை. "ஜெனரேட்டர் ரிப்பேர், மெஷின் ஓடவே இல்லை, எல்லோருக்கும் லீவு விட்டிருந்தேன், அம்புரோஸ் குடித்துவிட்டு வந்து வால்வைத் திறந்துவிட்டான்" என்று டெரிக் அங்கிள் விசாரணையில் சொன்னார். மெஷின் ஓடாததால் பழைய பைப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அப்பா குடிக்கமாட்டார். ஆனாலும் கல்லறைத் திருநாளில் அம்மா மெழுகுவத்தி ஏற்றும்போது, பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் "குடிச்சிட்டு செத்தானே, அவன்தான்" என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் அம்மாவிடம் மட்டும்தான் பேசினார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. ஆறு வருடமாக டெரிக் அங்கிளின் கையெழுத்துக்காகக் காத்திருந்தேன்.

"இன்னா அனிஷா, வாயில கொழுக்கட்டையா? எதுனா கேளேன்."

"நடுவுல ஓடாத நாள் எதுனா இருக்கா அங்கிள்?"

"ஒரு நாளும் இல்ல. கிறிஸ்மஸ் அன்னிக்கே ஓட்டிக்கினு இருந்தேன்."

"ரிப்பேர்?"

"ஜப்பான் இஞ்சின்மா அது. ரிப்பேர்னா இன்னான்னே அதுக்குத் தெரியாது."

"நவம்பர்ல?"

அவர் சிரித்தார். "நவம்பர்ல மழை. கரண்ட் எங்க கீது? எட்டு மணி நேரம் போட்டாகூட தப்பில்ல."

ஆறே போட்டேன். மூன்று முறை கேட்டுவிட்டேன். பதினான்காம் தேதியை மட்டும் சொல்லியிருந்தால் அந்த நாளுக்கான வரியைக் காலியாக விட்டிருப்பேன். அவருக்கு அந்தத் தேதி நினைவில் இல்லை.

மாதத்துக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு வரி. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டி, பன்னிரண்டிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். விபத்து நடந்திருந்தால் விசாரணை அறிக்கையும் இணைக்க வேண்டும். அம்புரோஸ் மகள் என்று தெரிந்தும் தயங்காமல் அதை அவரே என்னிடம் கொண்டுவந்தார். அதில்தான் அவர்மேல் குற்றமில்லை என்று இருக்கிறதே. நவம்பர் தாளுக்கு அடுத்து அதை வைத்துக் கட்டினேன்.

சரிபார்ப்புக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ஐஸ் கம்பெனிக்காரர்கள், போட் ஓனர்கள், ஏலம் எடுக்கிற பெண்கள் என்று ஹால் நிறைந்திருந்தது. அம்மாவைக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

அதிகாரி பதுருன்னிசா மேடம் ஒவ்வொரு தாளாகப் பார்ப்பவர். நவம்பருக்கு வந்தார். அடுத்த தாளைப் பார்த்தார். மறுபடி நவம்பருக்குத் திரும்பினார்.

"மிஸ்டர் டெரிக், பதினாலாம் தேதி ஜெனரேட்டர் ஆறு மணி நேரம் ஓடினதா இதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரிப்பேர், ஓடவே இல்லைன்னு விசாரணையில சொல்லியிருக்கீங்க. எது உண்மை?"

ஏலக்காரப் பெண் ஒருத்தி மெதுவாக, "ரிப்பேர்லயே ஓடுற இஞ்சினாம்டி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

டெரிக் அங்கிள் கைக்குட்டையை எடுத்தார். "அது வந்து மேடம், அன்னிக்கு ஓடல. பொண்ணு தப்பா டைப் பண்ணிக்கீது. சின்னப் பொண்ணு, வாயே தொறக்காது. பாவம், வுட்டுடுங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "தப்பா டைப் பண்ணிட்டியாம்மா?"

எழுந்து நின்றேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம். அன்னிக்கு ஜெனரேட்டர் ஓடிச்சு. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துகினு போயி நான் கம்பெனி கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன். பைப் கசியுது, நிறுத்துங்கன்னு அப்பா சொன்னாரு. லோடு முடியட்டும், அதுவரைக்கும் ஓட்டுன்னு இவரு சொன்னாரு. ரெண்டையும் நான் கேட்டேன்."