காத்திராத ஆன்டெனா

புன்னைக்காயலில் வீடுகளுக்கு இணையம் கொடுப்பவன் டெனிஸ். அவன் கடை மாடியில் பெரிய ஆன்டெனா ஒன்று. வாடிக்கையாளர் வீட்டு மொட்டை மாடிகளில் சின்ன ஆன்டெனாக்கள். எல்லாம் ஒரே அலைவரிசையில்தான் பேசியாக வேண்டும். இரண்டு சேர்ந்து பேசினால் இரண்டின் பேச்சும் பாழ். அதனால் ஒவ்வொன்றும் முதலில் காதுகொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் சற்றுக் காத்திருந்து, அப்புறம்தான் வாய் திறக்கும். மோதிக்கொண்டால் விலகி, முன்னைவிட அதிக நேரம் காத்திருக்கும். ஊர்க்கூட்டத்தில்கூடப் பார்க்க முடியாத மரியாதை இது.

அந்த மரியாதையைக் காக்க வேண்டியவன் டெனிஸ். வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது.

முந்தின நாள்தான் பக்கத்து வீட்டு பெனிஷா வந்து கேட்டிருந்தாள். தூத்துக்குடியில் நர்ஸ். அயர்லாந்து ஆஸ்பத்திரி வேலைக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு.

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் லைன் நல்லா இருக்குமா?"

"நீ கண்ண மூடிட்டு உக்காரு. நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் டெனிஸின் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. பூசை முடிந்து, மத்தியானம் வீட்டில் கேக் வெட்டும் நேரம். பிள்ளையின் ஞானத்தகப்பன், டெனிஸின் அண்ணன் ரேமண்ட், கப்பலில் வேலை பார்க்கிறான். ஏதோ துறைமுகத்தில் நின்றபடி வீடியோவில் பார்த்து ஆசீர்வதிக்க வேண்டும். திருநாள் என்பதால் ஊரே போனும் கையுமாக இருந்தது. படம் திக்கித் திக்கிப் போயிற்று.

"ஏலே, நெட்டு குடுக்கவன் வீட்டுலயே இந்த லெட்சணமா?" என்று ரேமண்ட் சிரித்தான். மைத்துனன்மாரும் சேர்ந்து சிரித்தார்கள். டெனிஸுக்கு அது சுருக்கென்று தைத்தது. லேப்டாப்பைத் திறந்தான். தன் வீட்டு ஆன்டெனாவின் காத்திருப்பு நேரத்தை மட்டும் பூஜ்யம் ஆக்கினான். அதன் பிறகு, அலைவரிசை ஓய்ந்த கணமே அவன் வீடு முந்திக்கொண்டது. மற்ற வீடுகள் யாரோ பேசுகிறார்கள் என்று வாய்மூடி நின்றன; அவற்றால் கேட்க முடிந்தது, பேசத்தான் முடியவில்லை. படம் பளிச்சென்று போயிற்று. ரேமண்ட் கையை உயர்த்தி ஆசீர்வதித்தான், பிள்ளை முத்தம் கொடுத்தாள். அப்புறம் பந்தி, உபசரிப்பு. மாற்றியதைத் திருப்பி வைக்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. பெனிஷாவும் நினைவில் இல்லை.

சாயங்காலம் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தூக்குச்சட்டியில் பிரியாணி எடுத்துக்கொண்டு போனான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பெனிஷாவின் அம்மா கிரேஸி தூக்குச்சட்டியை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "அவுங்க கேட்டது இவளுக்கு நல்லாக் கேட்டிருக்கு தம்பி. இவ சொன்னதுதான் அங்கன துண்டுதுண்டாப் போயிருக்கு. இங்கிலீஷ் பேச்சு போதாதுன்னு வேலைக்கு அனுப்புத ஏஜென்சிக்காரன் சொல்லிட்டான்."

"லைன் மேல குத்தம் இல்லம்மா," என்றாள் பெனிஷா. முகம் வீங்கியிருந்தது. "எனக்குத்தான் பயத்துல நாக்கு குழறிட்டு. திரும்பத் திரும்பச் சொன்னேன், அவுங்களுக்கு வெளங்கவே இல்ல. அண்ணன் பாத்துக்கிடுதேன்னு சொன்னா பாத்துக்கிடும்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"அக்கா..." என்று தொடங்கினான். அதே நேரம் கிரேஸியும் "தம்பி..." என்றாள். இருவரும் நிறுத்தினார்கள். மறுபடி இருவரும் ஒன்றாகவே வாயெடுத்தார்கள்.

"நீ சொல்லுய்யா."

"நீங்க சொல்லுங்கக்கா."

டெனிஸ் காத்திருந்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், காத்திருப்பது அவனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

"ரேமண்டு ஆசீர்வாதம் குடுத்தானாமே," என்றாள் கிரேஸி. "நல்லாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுக்கா."

அதன்பின் யாரும் பேசவில்லை. இனிக் காத்திருக்கக் காரணமும் இல்லை.

"அது நல்லாத் தெரியணும்னுதான் இவ பேச்ச நான் தடுத்துட்டேன்," என்றான். எல்லாவற்றையும் சொன்னான். கேக், சிரிப்பு, பூஜ்யம், மறதி. எதையும் மழுப்பவில்லை.

பெனிஷா அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் குழறலையா?"

"இல்லம்மா."

"நல்லாத்தான் பேசினேனா?"

"நீ பேசினது அங்கன போகவே இல்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினாள். "இத அவுங்களுக்கு எழுதுங்க. உங்க பேரு, கடை பேரு போட்டு எழுதுங்க."

அவன் முதலில் தன் வீட்டு ஆன்டெனாவைப் பழையபடி காத்திருக்க வைத்துவிட்டு, எழுதத் தொடங்கினான். அவர்கள் நம்புவார்களா, இன்னொரு வாய்ப்புத் தருவார்களா, தெரியாது. பதில் வரும்வரை மூவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

கிரேஸி எழுந்தாள். திறக்காத தூக்குச்சட்டியை எடுத்துப்போய், வாசலில் அவன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.