கருகமணிதான் என்றேன்

1

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றே கால் மணிக்குத் திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் புறப்பட்ட பேருந்தில், மூன்றாம் வரிசையில், சன்னலோரமாக நான் அமர்ந்திருந்தேன். சந்திரகிரியில் இறங்க வேண்டியவள். பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. இருபது நிமிடம் தம் குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர், திடீரென்று கைப்பேசியை என் பக்கம் நீட்டினார்.

"அம்மா, உங்களைப் பாத்தா படிச்சவங்களா தெரியுது. இது கருகமணியா இல்லியா, பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு மசமசன்னு கீது."

படத்தில் ஓர் இளம்பெண். கழுத்தில் கறுப்பு மணியும் பொன்மணியும் மாறி மாறிக் கோத்த சரம். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, இரண்டு முறை பார்த்துவிட்டு, "கருகமணிதான்" என்றேன்.

அவர் அங்கேயே கணவரை அழைத்தார். "கருகமணிதானாம். ஒரு பெரியம்மா பாத்துச் சொன்னாங்க. ஆமா. கட்டிக்கினு கீறா." பிறகு கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தார். எதிர்முனையில் பேச்சு வந்ததாகத் தெரியவில்லை. சந்திரகிரி வந்தது; இறங்கிவிட்டேன்.

இக்கதை தோன்றிய விதம் இவ்வளவே.

[வெளியூர் வாசகருக்கு: தெலுங்கில் நல்லபூசலு எனப்படும் இந்தச் சரத்தை எங்கள் பக்கத்தில் மணமான பெண்களே அணிவர். மணமாகாதவள் விளையாட்டுக்குக்கூடக் கழுத்தில் வைத்துப் பார்க்கமாட்டாள்.]

கேட்ட கேள்விக்குச் சரியான விடையைச் சொன்னேன். அவர் கேட்க விரும்பிய கேள்வி வேறு: என் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? அதற்கு என்னிடம் விடை இல்லை. "மகளையே கேளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குச் சந்திரகிரியில் இறங்கிய பின்னரே தோன்றியது.

2

அந்த இருபது நிமிடத்தில் நான் அறிந்தவை: ஊர் குடிபாலா. கணவருக்கு ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை. அவருடைய தகப்பனார் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்தவர். மகள் ஜெர்மனியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். படிப்பு முடிந்ததும், வரும் வைகாசியில், அவளைத் தம் அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அந்தப் படத்தை அனுப்பி "இன்னா இது?" என்று கேட்டவர், பையனின் தாய்.

பெயர்களை நான் அறியேன். பெயரில்லாமல் எழுதவும் எனக்கு வராது. மகள் சிவசங்கரி. தாய் செங்கம்மா. தகப்பன் கன்னையா. மாப்பிள்ளையாக நினைக்கப்பட்டவன் பிரவீன், அவன் தாய் பிரேமலதா. இனி வருவன யாவும் நான் இட்டுக்கட்டியவை.

3

முதல் தொடக்கம்:

"ஒன்றுமறியாத சிவசங்கரி, பனி கொட்டும் அயல்நாட்டில், அழகாயிருக்கிறதே என்று கறுப்பு மணிகளைக் கோத்து..."

இவ்வாக்கியத்தை முடிக்கவில்லை. குடிபாலாவில் பிறந்தவளுக்குக் கருகமணி தெரியாது என்று எழுதினால், சித்தூர் மாவட்டத்தில் ஒருவரும் நம்பமாட்டார். மேலும், பனி கொட்டுவதை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்:

"லைப்சிக் நகரின் சனிக்கிழமைச் சந்தையில் சிவசங்கரி மணிமாலைக் கடை வைத்திருந்தாள்."

வாக்கியத்தில் குறையில்லை. ஆயினும் அந்த நாட்டில் படித்துவிட்டு வந்த என் தம்பி மகள் ஸுப்ரஜாவைத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்தேன்.

"அத்தை, ஸ்டூடண்ட் விசால போய்ட்டு அப்படிக் கடையெல்லாம் போடப்டாது. தனியா பெர்மிஷன் வாங்கணும்."

"எடுத்துவிட்டேன்."

"எதை?"

"கடையை."

"ஐயோ பாவம். அந்தப் பொண்ணு சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவா?"

"கிடங்கு ஒன்றில் வேலை கொடுக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், பொட்டலம் கட்டுவது."

"உங்க கதையில பொறந்திருக்கலாம் நான். எனக்கு மூணு மாசம் ஒருத்தரும் வேலை கொடுக்கலை."

4

மூன்றாம் தொடக்கம். இது நிற்கிறது.

நான்கு பேர் பங்கிட்டுக்கொண்ட வீட்டில் சிவசங்கரிக்குக் கடைசி அறை. குளிர்பதனப் பெட்டியில் இரண்டாம் தட்டு. குளியலறையை இந்த வாரம் யார் கழுவ வேண்டும் என்பதைச் சொல்லும் அட்டை சமையலறைக் கதவில் தொங்கியது. காலிப் பாட்டில்களைக் கடையிலுள்ள மெஷினில் போட்டால் பாட்டில் காசுக்கு ஈடாக ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டைக் கொடுத்து அரிசி வாங்குவாள். மிளகாய் தாளித்தால் கீழ்வீட்டுக்காரர் இருமுவார் என்பதற்காக, எந்தக் குளிரிலும் சன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கக் கற்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊரில் சத்தம் செய்யக் கூடாது. துணி துவைக்கும் மெஷினைப் போடக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. சத்தமில்லாமல் செய்யத்தக்க வேலையாக அவளுக்கு வாய்த்தது மணி கோப்பது. தட்டில் வெல்வெட்டுத் துணியை விரித்துக்கொண்டால் மணி உருளாது. ஊசியின் முனையாலேயே மணிகளைப் பொறுக்கி நைலான் இழையில் ஏற்றிவிடுவாள். ஓராண்டில் அந்த வீட்டில் அவள் கோத்ததை அணியாதவர் இல்லை.

அடுத்த அறையிலிருந்த லூசியா, கொலம்பியாவிலிருந்து வந்தவள், தன் கறுப்பு உடைக்குப் பொருத்தமாகக் கறுப்பும் பொன்னுமாக ஒரு சரம் கேட்டிருந்தாள். கோத்து முடித்தபின் நீளம் பார்க்க வேண்டியிருந்தது.

"உன் கழுத்தில் போட்டுக் காட்டு" என்றாள் லூசியா.

"நான் போடக் கூடாது."

"ஏன், அலர்ஜியா?"

"கல்யாணம்."

"மணிக்கா?"

[இவர்கள் பேசியது ஆங்கிலத்தில். தமிழில் எழுதும்போது லூசியா சற்று மரியாதையாகத் தெரிகிறாள்.]

சிவசங்கரி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சரத்தை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டினாள். லூசியா படம் எடுத்தாள். அந்தப் படத்தைச் சிவசங்கரி ஸ்டேட்டஸில் வைத்தாள். ஒருவர் விடாமல் எல்லார் ஸ்டேட்டஸையும் பார்ப்பவள் மாமன் மனைவி பிரேமலதா என்பது அவளுக்குத் தெரியும். வேண்டாதவர் பார்க்காமல் மறைக்கும் வசதி உண்டென்று ஸுப்ரஜா சொல்கிறாள். சிவசங்கரி மறைக்கவில்லை.

5

இவளை இந்த இடத்தில் நான் சந்தேகிக்கிறேன். தெரிந்தே ஏன் செய்தாள்?

பிரவீனைக் கெட்டவனாக எழுதினால் வேலை முடிந்துவிடும். அவன் சித்தூரில் செல்போன் கடையில் இருப்பவன், குடிப்பதில்லை. அவளை வழியனுப்பச் சென்னை விமான நிலையம் வரை வந்து, பெட்டியை மூன்று முறை எடைபோட்டு, ஊறுகாயை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டவன். அவன்மேல் குறை ஒன்றுமில்லை. அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை, அவ்வளவே. காரணம் இருந்தால் வீட்டில் சொல்லலாம், சண்டையாவது போடலாம். காரணமே இல்லாத 'வேண்டாம்' என்பதை எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே சரத்தைச் சொல்லவைத்தாள்.

பேருந்தில் நான் பதில் சொன்னதற்கு ஒன்பதாம் நாள், கணவர் கடலைக்கொல்லைக்குப் போயிருந்த நேரத்தில், செங்கம்மா அவளை அழைத்தாள்.

"சங்கரி, நிஜத்தச் சொல்லு. கட்டிக்கினியா?"

சிவசங்கரி எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"யாருடி அவன்? சோறு துன்றவனா, ரொட்டி துன்றவனா?"

"எம்மா..."

"ஒன்பது நாளா உங்க நைனா உன் பேரையே எடுக்கல. என்கிட்டயும் பேசல. மாட்டுகிட்ட மட்டும் பேசிக்கினு கீறாரு. அண்ணி பிரவீனுக்கு வேற எடத்துல பொண்ணு பாக்கறாங்களாம். ஆமான்னா ஆமான்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. உன்னக் கேக்க பயந்துக்கினு பஸ்ல யாரையோ கேட்டேன் நானு."

இந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று முறை நீக்கினேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.

"நாளைக்குச் சொல்றேம்மா" என்று சிவசங்கரி வைத்துவிட்டாள்.

6

அவள் முன்னுள்ள நிலை இது. பேசாமலிருந்தால் பிரவீன் பேச்சு தானே முடிந்துவிடும்; அதனோடு தகப்பனுடனான பேச்சும் முடிந்துவிடும். வாரந்தோறும் கடலைக்கொல்லையில் நின்று வீடியோவில் அழைத்து, தம் முகத்தைக் காட்டாமல் செடியைக் காட்டும் தகப்பன் அவர். 'இல்லை' என்று சொன்னால் அவர் திரும்பக் கிடைப்பார். வைகாசியில் கல்யாணமும் நடக்கும்.

முடிவு அ: பேசாமலே இருந்துவிடுகிறாள். இரண்டு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. ஆனால் அந்த முடிவில் நான் பேருந்தில் சொன்ன பதில் அவளுக்கு உதவி செய்ததாகிவிடுகிறது. எனக்கு இவ்வளவு வசதியான முடிவு நம்பத்தக்கதன்று. கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: 'இல்லை' என்கிறாள், நம்புகிறார்கள், பிரவீனை மணக்கிறாள். யாருக்கும் கோபமில்லை, என்னைத் தவிர.

முடிவு இ, ஸுப்ரஜா சொன்னது: "அந்தப் பையனே வேற ஒருத்தியைப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டும், அத்தை. ஈஸி."

"அதுதான் அதன் குறை" என்றேன்.

"அப்போ குடிபாலாவுக்கே போய் விசாரிச்சுட்டு வாங்கோ."

எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

7

இறுதியாக முடிவு செய்தது இது.

மறுநாள் கிடங்குக்குப் புறப்படுமுன் சிவசங்கரி தாயை அழைத்தாள்.

"எம்மா, ஸ்பீக்கர்ல போடு. நைனாவும் கேக்கட்டும்."

"கீறாரு. சொல்லு."

"நான் யாரையும் கட்டிக்கல. அந்தச் சரம் பக்கத்து ரூம் பொண்ணுக்குக் கோத்தது. நீங்க அப்படி நெனைப்பீங்கன்னு தெரிஞ்சுதான் போட்டுக்கினேன். அது என் தப்பு. ஆனா பிரவீனக் கட்டிக்க மாட்டேன். அவன்மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்கு இஷ்டமில்ல. அவன்கிட்ட நானே சொல்றேன்."

"அத்த அன்னிக்கே வாயால சொல்றதுக்கு இன்னாடி உனக்கு?"

"வரலம்மா."

கன்னையா மனைவியின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை உறுதியாகச் சொல்வதில்லை என்று நவம்பர் 17க்குப் பிறகு தீர்மானித்திருக்கிறேன். ஆகவே அந்த வாக்கியத்தை வாசகரே எழுதிக்கொள்ள வேண்டும். வசவாக இருக்கலாம், நீளமாக இருக்கலாம், பாதியில் தெலுங்குக்கு மாறலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அவர் பேசியாக வேண்டும். மௌனமாயிருந்தார் என்று எழுதிவிட்டு எழுந்துபோக ஒருவருக்கும் அனுமதி இல்லை.