காப்புக் கட்டிய ஊரும் கைமாறிய ஜில்லாவும்

முனிரத்தினம் கொடுத்த வாக்கை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்கிற ஆள். டைபாய்டில் கிடந்த மகள் சுலோசனா பிழைத்தால் வருகிற பங்குனியில் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்துவிட்டாள், இவனும் கையில் காப்புக் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டியவன் தீமிதி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நெருப்பில் இறங்கும் தகுதி போய்விடும்.

நடுவில் பக்கத்து ஊரில் தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? இவன் அசையவில்லை. கடைசியில் தங்கச்சிதான் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே பிள்ளையை எல்லைக்கல்லுக்குத் தூக்கி வந்தாள். கல்லுக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடி கொடுத்தான் மகராசன்.

தீமிதி அன்று காலையில் தலையாரி தமுக்கடித்தார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த ஊர், இன்று முதல் ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவாம். பேச்சு வருஷக்கணக்காக அடிபட்டதுதான். ஆனாலும் அன்று 1960 ஏப்ரல் முதல் தேதி என்பதால் வாத்தியார் மட்டும் சாயங்காலம்வரை நம்பவில்லை.

முனிரத்தினம் கையிலிருந்த காப்பைப் பார்த்தான். செங்கல்பட்டில் படுத்தவன் சித்தூரில் அல்லவா எழுந்திருக்கிறான்! நேராகப் பூசாரி கோவர்த்தனனிடம் போய்க் கையை நீட்டினான்.

“காப்ப அவுத்துடுண்ணா. தூங்கிக்கினு இருக்கசொல்லவே எல்ல தாண்டிட்டேன்.”

பூசாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கையிலும் காப்பு இருந்தது.

“டேய், அப்ப நானும் தாண்டிட்டேனா?”

காப்புக் கட்டிய அத்தனை பேரும் திருதிருவென்று விழித்தார்கள். பொழுது சாய்ந்தது. தீக்குழியில் கட்டை கனிந்து தணலாகிவிட்டது. இறங்கத்தான் ஆள் இல்லை.

சேதி கேட்டு வந்த முனிரத்தினத்தின் பெண்சாதி செங்கம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இன்னா மாமா, மடி குடுத்தியே அந்தக் கல்லு, அது எங்க கீது?”

“அங்கியேதான் கீது.”

“நீ அத்தத் தாண்டுனியா?”

“இல்ல.”

“அப்புறம் இன்னா? நீ காப்புக் கட்டிக்கினது ஆத்தாவுக்கா, கலெக்டருக்கா? ஆத்தாவுந்தான் நம்ம கூடவே சித்தூருக்கு வந்துகீறா. அவளே கோயிலவுட்டு எறங்கல. நீ போய் குழியில எறங்கு!”

பூசாரி வாய்விட்டுச் சிரித்து உடுக்கையைக் கையில் எடுத்தார். முனிரத்தினம் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு தணலில் கால் வைத்தான்.

தணலைக் கடந்து, அந்தக் கரையில் கால் ஆற்றுகிற பால்குழியில் போய் நின்றான். போன வருஷம் இதே கோயிலுக்குத் துணியில் சுருட்டித் தூக்கி வந்த சுலோசனா, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“நைனா, சுட்டுச்சா?”

இல்லை என்று தலையாட்டினான். பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். சந்தோஷத்தில் அவனுக்கு ஜில்லா ஞாபகமே வரவில்லை.