காட்டில் நிரை பிடித்தவர்கள்

கிருஷ்ணகுமாரி "பொலி" என்று சொன்னால் பறவைகள் இரண்டாகும். கலவானக்கு மேலே, காட்டை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் இதை அறியாதவர் இல்லை. சொல்லில் மந்திரம் எதுவும் கிடையாது. கொழுந்தெடுக்கும் பெண்கள் காலையில் ஆளுக்கொரு செடிவரிசையாக நிரையில் இறங்கி, முதல் கைக் கொழுந்தைக் கூடையில் போடும்போது எல்லோரும் சொல்லும் சொல்தான். பெருகட்டும் என்று பொருள். மற்றவர்கள் சொன்னால் எதுவும் பெருகவில்லை. அவள் சொன்னாலும் கொழுந்து பெருகியதில்லை. அவள் நிரையும் எல்லோருடைய நிரையையும் போலத்தான் விளைந்தது.

இது தெரியவந்தது தற்செயலாக. ஜமால்தீன் கலவான டவுனில் சிறிய கெஸ்ட் ஹவுஸ் ஒன்று வைத்திருக்கிறார். ஐரோப்பாவில் பனி கொட்டும் மாதங்களில் அங்கிருந்து பறவை பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவது அவர் தொழில். சாப்பாட்டுப் பெட்டி சுமக்க ஆள் கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகுமாரியை அழைத்துப் போனார். மதியம்வரை நடந்தும் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு உயரத்தில் ஒரே ஒரு கெஹிபெல்லா வந்து உட்கார்ந்தது: நீல உடம்பு, சிவந்த அலகு, இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாத பறவை. அன்றைய முதல் பறவை என்பதால் கிருஷ்ணகுமாரி பழக்க தோஷத்தில் "பொலியோ பொலி" என்றாள். ஒட்டிக் கிடந்த ஈரச் சேலையிலிருந்து இன்னொரு சேலையைப் பிரிப்பதுபோல, அந்தப் பறவையிலிருந்து இன்னொன்று பிரிந்து பக்கத்தில் அமர்ந்தது. மறுபடி சொன்னாள். நான்காயிற்று. வந்தவர்கள் படம் எடுத்தார்கள். ஜமால்தீன் மட்டும் பறவைகளைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"தங்கச்சி, பெட்டிய நான் தூக்குறேன்," என்றார். "நீங்க முன்னுக்கு நடங்கொ."

அன்றிலிருந்து அவள் முன்னால் நடந்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண் ஒருத்தி வெள்ளைக்காரர்களைக் காட்டுக்குள் நடத்திப்போவதைத் தோட்டம் சில வாரம் வேலியோரம் நின்று பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. பறவைகளின் பெயர்களைச் சிங்களத்திலும் இங்கிலீசிலும் கற்றாள். பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், அட்டை ஏறாமல் முழங்கால்வரை தடித்த துணிக் காலுறை அணிந்தாள். சில தவறுகளும் நடந்தன. ஒருமுறை தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டதில் அந்தப் பாதை முழுக்க அட்டைகளாகி, ஒரு வாரம் மூட வேண்டியதாயிற்று. இன்னொருமுறை பறவைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஜெர்மன்காரர் தலையை நீட்டிவிட்டார். இரண்டு ஜெர்மன்காரர்களும் ஒரே கடவுச்சீட்டோடு ஊருக்குப் போனார்கள். விமான நிலையத்தில் என்ன செய்தார்கள் என்று கலவானயில் யாருக்கும் தெரியாது. மற்றபடி குளிர்காலங்கள் நன்றாகவே கழிந்தன. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு அவள் வராததால் தோட்டத்தில் பெயரை வெட்டினார்கள். திரும்பிப் போய்ச் சேர முடியாது, சேர்ப்பதில்லை என்பது துரையின் உத்தரவு. அவள் திரும்பிப் போக நினைக்கவும் இல்லை.

சென்ற மார்கழியில் வந்த கூட்டம் ஆறுமணிக்குருவியைப் பார்க்க வந்திருந்தது. பச்சை முதுகும் வயிற்றடியில் சிவப்புமாக, ஒன்பது நிறம் கொண்ட சிறிய குருவி. இந்தியாவில் குளிர் தொடங்கும்போது கடல் தாண்டி வந்து, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூவும். ஓடைக்கரையில் சருகைக் கிளறிக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு ஆண்டும் அவள் காட்டியிருக்கிறாள். அந்த ஆண்டு வரவில்லை. கூட்டம் தங்கிய நாளெல்லாம் ஓடைக்கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசி நாள் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருவர் பையை மூடினார். ஜமால்தீன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கினார். அப்போது கிருஷ்ணகுமாரிக்கு ஒன்று தோன்றியது. நிரையில் இறங்கும்போது கூடை வெறுங்கூடைதானே. வெறுங்கூடைக்குத்தானே பொலி சொல்கிறோம். குருவி இல்லாத ஓடைக்கரையைப் பார்த்து, வாய்விட்டுப் பலமாக, "பொலியோ பொலி" என்றாள்.

அங்கே இருந்தது ஒன்றுமின்மை. அதுதான் பெருகியது.

முதலில் ஓடைக்கரையில் சில்வண்டு நின்றது. பிறகு மேலே குக்குறுவான் பாதிக் கூவலில் நின்றது. பெரிய மரங்களின் உச்சிவரை அந்த ஒன்றுமின்மை ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பறவை இருந்த கிளையில் கிளை மட்டும் இருந்தது. மறுநாள் அது முகட்டைக் கடந்தது. அதற்கு மறுநாள் தோட்டத்து எல்லையில், முருங்கை மரத்துக் காக்கைகளும் இல்லாமல் போன இடத்தில், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. காட்டில் வழிகாட்டும் மற்றவர்கள் வேறு காடுகளுக்குப் போனார்கள். ஒரு சொல்லும் திட்டாமல் அவளைக் கடந்து போனார்கள். திட்டியிருக்கலாம்.

கிருஷ்ணகுமாரி போனபோது ஜமால்தீன் கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பொங்கலுக்குப் பொறகு ஒரு கூட்டம் வர ஈக்கிது," என்றார். "வராதீங்கொன்னு சொல்லிரவா?"

"சொல்லாதீங்க நானா," என்றாள். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் அழைப்பாள்.

"எதக் காட்டுறது தங்கச்சி? மரத்தயா?"

"குருவியத்தான் காட்டணும்."

"இந்தக் கூட்டமும் வெறுங்கையோட போனா நான் மூடிட்டுப் போயிருவேன். மகன் பேருவளையில கூப்பிடுறான். ஒங்கள நெனச்சித்தான் இருக்கேன்."

"அப்ப இருங்க," என்று சொல்லிவிட்டு அவள் லயத்துக்குப் போனாள்.

மறுநாள் பெரட்டுச் சங்கு ஊதியபோது கிருஷ்ணகுமாரி இடுப்பில் பழைய சாக்குப் படங்கைச் சுற்றிக் கட்டினாள். கொழுந்துச் சாக்கைத் தலையிலிருந்து முதுகில் தொங்கவிட்டாள். மற்றப் பெண்கள் தேயிலை மலைக்கு ஏற, அவள் காட்டுக்கு ஏறினாள். வேலியோரத்து முதல் மரத்தடியில் நிரை பிடித்து, இரண்டு கையாலும் ஒன்றுமின்மையைப் பறிக்கத் தொடங்கினாள். அதைப் பறிப்பது கொழுந்து பறிப்பதைவிடச் சிரமம் என்று சொல்ல முடியாது. ஒரு கிளையில் சத்தம் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தேட வேண்டும். குளிர்ந்து, வழவழவென்று இருக்கும். கட்டைவிரலை வைத்து ஒடித்தால் ஒடியும். நேற்று முளைத்தது இளசு, லேசாக வரும். ஓடைப்பக்கத்தது முற்றியது. அதற்குக் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தி வேண்டியிருந்தது. சாயங்காலம் சாக்கு நிறைந்திருந்தது. அவள் பறித்த மரத்தில் ஒரு தேன்சிட்டு, எதுவும் நடக்காததுபோல, பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது.

சாக்கைக் கொட்ட இடம் வேண்டும். கண்ட இடத்தில் கொட்டினால் அங்கே முளைக்கும். அவள் அதைத் தோட்டத்தின் மூடிக்கிடந்த பழைய ஸ்டோருக்குள் கொட்டிக் கதவைச் சாத்தினாள். தேயிலை அரைத்த இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டுபோன பிறகு அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே ஒன்றும் இருக்கவில்லை.

புஷ்பம் இரண்டாம் நாள் வேலை முடிந்து வந்து வேலியில் சாய்ந்து நின்றாள். கிருஷ்ணகுமாரியோடு சின்ன வயதிலிருந்து பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவள். தோட்டத்தில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் கணக்கப்பிள்ளை மட்டும்தான், அவருக்கும் ஒரு காது கேட்காது.

"என்னாடி, காத்தப் பறிக்கிறியா?"

"காத்து இல்ல. ஒண்ணுமில்லாததப் பறிக்கிறேன்."

"அது என் வீட்டு அடுப்படியில நெறைய கெடக்கு. வந்து எடுத்துக்க."

கிருஷ்ணகுமாரி அடுத்த கிளைக்குக் கையை நீட்டினாள். புஷ்பம் சிறிது நேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொரசானி மாதிரி பைனாகுலர் மாட்டித் திரிஞ்சதுல கையி மறந்துபோச்சி ஒனக்கு. அடியில எவ்வளவு விட்டுட்டுப் போற பாரு. நீ எடுக்குற லச்சணத்துக்கு அடுத்த மார்கழி வரைக்கும் எடுப்ப. தள்ளு."

அவள் வேலியைத் தாண்டி வந்து பக்கத்து நிரையில் இறங்கினாள். அடுத்த நாள் இன்னும் சிலர் வந்தார்கள். வேலை முடிந்ததும் தோட்டத்துச் சாக்கை உதறிவிட்டு நேரே காட்டுக்கு ஏறினார்கள். ஏன் வந்தோம் என்று யாரும் சொல்லவில்லை. வேலியோரக் குடும்பங்களுக்குச் சேவல் கூவாத காலை பிடிக்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அவர்கள் சொன்னால் எதுவும் பெருகாது, ஆனால் கேட்டால் கிருஷ்ணகுமாரி வாயிலும் பழக்கத்தில் வந்துவிடும் என்பதால், யாரும் பொலி சொல்லாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடாக இருந்தது. பிறந்ததிலிருந்து சொல்லி வந்த வாய். கடைசியில் புஷ்பம் எல்லோரையும் வெற்றிலை போட்டு வாயை நிரப்பிக்கொண்டு வரச் சொன்னாள்.

கணக்கப்பிள்ளை இந்திரகுமார் ஒரு மாலை தராசோடு வந்துவிட்டார். பெண்கள் சாக்கோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் அவருக்கு நிறுக்காமல் இருக்க முடியாது. கொக்கியில் மாட்டினார். முள் நன்றாகவே இறங்கியது. வழக்கம்போல ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்தார்.

"ஐயா, ஒண்ணுமில்லாததுல ஏதுங்க ஈரம்?" என்று புஷ்பம் கேட்டாள்.

"காட்டுல மழ பேஞ்சுச்சா இல்லியா?"

"பேஞ்சுச்சி."

"அப்ப கழிக்கத்தான் வேணும்," என்றார். எந்த மலையில் எடுத்தது என்று கேட்டு, பதில் காதில் விழாமலே தலையாட்டிக்கொண்டு போனார்.

பொங்கல் வந்தது. பொங்கலன்றும் கிருஷ்ணகுமாரி பால் பொங்கியதும் காட்டுக்குப் போனாள். முகடு சுத்தமாயிற்று. கொண்டைக்கரிச்சான் ஒன்று திரும்பி வந்து கத்தியது, அதன் பின்னால் காட்டுப் பறவைகள் வழக்கமாக ஒன்றாகத் திரியும் கூட்டம் இரைச்சலோடு கடந்தது. பெண்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் குனிந்தார்கள். ஸ்டோர் கூரைவரை நிறைந்தது. ஓடைக்கரை மட்டும் மிச்சமிருந்தது. அவள் சொல் விழுந்த இடம் அது. அங்கே அது புதராக முற்றி, கத்தி பட்டால் கத்தி மழுங்கியது. புஷ்பத்தின் கை வெட்டுப்பட்டு, வெட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெட்டும் இல்லாமல் வலி மட்டும் இருந்தது.

கூட்டம் வந்துவிட்டது. நெதர்லாந்துக்காரர்கள், பெரும்பாலும் வயதானவர்கள். ஜமால்தீன் முந்தின இரவே வந்து, "இன்னம் ரெண்டு நாள் வேற எடம் காட்டவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். காலையில் அவர்களை நேரே ஓடைக்கரைக்கு நடத்திப் போனாள். மற்ற இடங்களில் பறவைகள் பாடின, அவர்கள் மகிழ்ந்து படம் எடுத்தார்கள். ஓடைக்கரையில் கால் வைத்ததும் ஒவ்வொருவராகப் பேச்சை மறந்தார்கள். கிருஷ்ணகுமாரி பைனாகுலரைக் கழற்றி ஜமால்தீன் கழுத்தில் போட்டாள். படங்கைக் கட்டினாள். வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, புதரைச் சுற்றி இளசாக முளைத்திருந்த இடத்தில் ஆளுக்கொரு நிரை காட்டி, கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். அவர்கள் பணம் கட்டி வந்தவர்கள், மறுத்திருக்கலாம். ஆனால் பறவை பார்க்கிறவர்கள் பொறுமைசாலிகள், சொன்னதைச் செய்து பழகியவர்கள். சிலர் அடியில் நிறைய விட்டுச் சென்றார்கள். அவள் பின்னாலேயே போய் அதையும் எடுத்தாள். ஜமால்தீன் சாக்கை விரித்துப் பிடித்தார், ஒரு தரமும் கீழே சிந்தவில்லை. உச்சி வெயில் இலைகளுக்கிடையே இறங்கியபோது அவள் நடுப் புதரின் தூரை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்தாள். வேரோடு வந்தது.

அது இருந்த இடத்தில், சருகின் மேல், ஆறுமணிக்குருவி நின்றது. அது வராமல் இருந்ததா, வந்து அடியில் அகப்பட்டு நின்றதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒன்றே ஒன்று. இறகில் மண் ஒட்டியிருந்தது.

ஜமால்தீன் அவள் காதோரம் குனிந்தார். "சொல்லுங்கொ தங்கச்சி. ஒரு தரம். எல்லாருக்கும் நல்லா தெரியட்டும்."

"வேணாம் நானா. கிட்ட வந்து பாக்கச் சொல்லுங்க."

அவர்கள் கிட்ட வந்து, ஒருவர் பின் ஒருவராகக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். குருவி கடைசி ஆள் பார்த்து முடிக்கும்வரை நின்றது. பிறகு கழுத்தை நிமிர்த்தி இரண்டு முறை கூவியது. அது கூவினால் ஆறு மணி. எனவே உச்சி வெயில் மரங்களுக்குப் பின்னால் சாய்ந்து, ஓடையில் மாலை வெளிச்சம் விழுந்தது. நெதர்லாந்துக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். கிருஷ்ணகுமாரி சாக்கின் வாயைக் கட்டித் தலையில் ஏற்றினாள். இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.