ஹினொகுராவின் மஞ்சள் புகை

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹினொகுரா மலையின் சுகி என்னும் ஜப்பானிய தேவதாரு மரங்கள் உதிர்த்த மகரந்தம் முழுவதும் டாக்டர் நமிகோவின் வீட்டின்மேல் மட்டும் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மிசோ என்னும் சோயா விழுது விற்கும் கடைக்காரர் காயப்போட்டிருந்த வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு மஞ்சள்கூட இல்லை. ஊருக்குச் சோறு போடும் மரக்கட்டையின் விலை அந்த மாதம் சற்று ஏறியிருந்தது.

நமிகோ அந்த ஊரில் பிறந்தவள்தான். போருக்குப் பின் மொட்டை மலையில் சுகி நட்டவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர். மரங்கள் பூக்கும் வயதுக்கு வந்தபோது அவர் மூச்சிழுப்பு வந்து செத்தார். நெஞ்சுச்சளி என்று சொல்லி எரித்தார்கள். அவள் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தன் இளமை முழுவதையும் ஒவ்வாமை ஆராய்ச்சிக்குக் கொடுத்தாள். சுகி மகரந்தம் மூச்சுக்குழலை உள்ளே வீங்க வைக்கிறது, தும்மல் நின்ற பிறகும் அந்த அழற்சி அடங்குவதில்லை என்பது அவள் கண்டது. அதை நிறுவ மலையடியில் வாழ்கிறவர்களின் தோலைக் கீறிச் சோதிக்க வேண்டும். அந்த வசந்தத்துக்குள் முடிக்காவிட்டால் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். அவள் ஊருக்குத் திரும்பினாள். மகரந்தம் அவளைத் தேடி வந்தது. அதனால் ஊரில் தும்மல் நின்றுவிட்டது.

மரவியாபாரிகள் சங்கத் தலைவர் கொனோசுகே அவளுடைய சித்தப்பா. வேலிக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

"பாத்தியா? ஊர்ல ஒருத்தனுக்கும் மூக்கு ஒழுகல. சீக்கு மரத்துக்கு இல்லம்மா, உனக்கு."

"கையில ஒரு சின்னக் கீறல் போட்டுப் பாத்துக்கிறேன், சித்தப்பா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"எங்க சோத்துல மண்ணள்ளிப் போட வந்துட்டு, கையையும் நீட்டச் சொல்றியா? உங்கப்பன் நட்ட மரம்டி அது."

"அவரைக் கொன்னதும் அதுதான்."

அன்றே அவளை ஊர்விலக்கு வைத்தார்கள். மிசோ விற்கவில்லை, முகம் பார்க்கவில்லை. தீ, சாவு இரண்டுக்கும் மட்டும் அந்த வீட்டுப் படி ஏறலாம் என்பது விலக்கின் விதி. அவள் பனிக்காலத்து முள்ளங்கியை ஊறுகாயாக்கித் தின்றுகொண்டு, கூரையிலிருந்து மகரந்தத்தை மண்வெட்டியால் தள்ளினாள். யாரிடமும் பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகியதுதான். ஆனால் கீறிப் பார்க்க ஒரு கைகூடக் கிடைக்காமல் மார்ச் பாதி போய்விட்டது.

பிறகு ஒரு மாலை அவள் வீட்டுக்குமேல் மகரந்தம் தூணாக எழுந்து நின்றது. ஊரின் தீக்காவல் கோபுரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஆனால் மகரந்தம் என்று சொன்னால் அவள் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே புகை என்றார்கள். புகை என்று சொன்னபின் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தபின் போகாமல் இருக்க முடியாது. தீயணைப்பு அங்கி போட்டுக்கொண்டு, வாளிகளோடு ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கொனோசுகேயின் பின்னால் அவள் முற்றத்தில் வந்து நின்றார்கள். அத்தனை பேரும் தும்மினார்கள். கொனோசுகேக்கு இழுப்பு வந்து உதடு நீலமானது. அவள் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, அட்ரினலின் ஊசி போட்டாள். மூச்சு திரும்பியது.

"அணைஞ்சிருச்சுன்னு சொல்லு. நாங்க போறோம்" என்றார்.

வீட்டுக்காரர் அதைச் சொல்லாமல் தீக்கு வந்தவர்கள் திரும்பக்கூடாது.

"கையை நீட்டுங்க. அப்புறம் சொல்றேன்."

"நீயெல்லாம் ஒரு டாக்டரா?"

"தீ எரியுதே, சித்தப்பா. தெரியலையா?"

அவர் கோபுரம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். மற்றவர்களும் நீட்டினார்கள். அவள் ஒவ்வொரு கையிலும் ஒரு சொட்டு மகரந்தக் கரைசல் விட்டுக் கீறினாள். தடிப்பு எழும்வரை காத்திருக்க வேண்டும். மஞ்சள் விழுந்துகொண்டிருந்த முற்றத்தில் ஊரே கைநீட்டியபடி நின்றது. தோலின்மேல் சிவந்த வட்டங்கள் மெல்லப் புடைத்துக்கொண்டு வந்தன. யாரும் அடுத்தவன் கையைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அளந்து முடித்தபிறகு, "அணைஞ்சிருச்சு" என்றாள்.

அவளுடைய முடிவுகள் அச்சில் வந்தன. ஆய்வுக்கூடம் பிழைத்தது. ஊர்விலக்கை யாரும் எடுக்கவில்லை. நன்றி என்றும் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த வீட்டுக்குமேல் புகை எழும், மணி அடிக்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து யாரும் வாளி கொண்டு வருவதில்லை. அங்கியின் கையை வழியிலேயே சுருட்டிவிட்டுக்கொண்டு வருகிறார்கள்.