களைக்கு நாற்பத்தைந்து

வேரோனிக்கா ரீச்சர் மன்னாரில் முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவர். அவரிடம் ஐம்பது மாக்ஸ் எடுத்தவர்கள் இன்று ஐந்து கண்டங்களிலும் டொக்டர்களாக இருக்கிறார்கள். அறுபது எடுக்கும் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

மாக்ஸ் போட்ட அந்தக் கையோடுதான் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மே மாதம் கனடாவில் ஹை பார்க் என்ற பூங்காவுக்கு வந்திருந்தார். ஓக் மரங்களுக்கிடையே பாதுகாத்து வைத்திருக்கும் பழைய புல்வெளிக்குள் கார்லிக் மஸ்டர்ட் என்ற அந்நியக் களை புகுந்துவிட்டது. கசக்கினால் உள்ளிப்பூண்டு மணக்கும். ஒரு கிழமை கண் அயர்ந்தால் கனடாவையே மூடிவிடும். களையை அளக்கும் தொண்டர் குழுவில் சேர, ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே நூற்றுக்கு எத்தனை பங்கு களை என்று கண்ணால் மதிக்க வேண்டும். பிறகு பொறுப்பாளர் ஜூலி சட்டத்தில் நூல் கட்டி, நூல்கள் வெட்டும் நூறு சந்திகளில் எத்தனையில் களை என்று எண்ணிப் பார்ப்பாள். மூன்று சட்டத்தில் ஒன்றிலாவது இரண்டுக்கும் வித்தியாசம் பத்துக்குள் இருந்தால் குழுவில் இடம். இல்லாவிட்டால் ஸ்காபரோவில் பதினாறாம் மாடி வீட்டுச் சுவர்தான். அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து ரீச்சருக்கு அலுத்துப்போயிருந்தது.

முதல் சட்டத்துக்கு நாற்பது போட்டார். எண்ணினால் எண்பத்தாறு. இரண்டாவதற்கு மனமிரங்கி நாற்பத்தைந்து. எண்ணினால் தொண்ணூறு.

"என்ன ரீச்சர், உதுக்குள்ளை எறும்பு நடக்க இடமில்லை. நாப்பத்தைஞ்சோ?" என்றார் கூட வந்த விநாயகமூர்த்தி.

"இலையெல்லாம் ஓட்டை, அண்ணை. உதுக்கு மேலை என்னெண்டு குடுக்கிறது?"

"அன்ரி, இது லாஸ்ட் சான்ஸ்," என்றாள் ஜூலி, மூன்றாவது சட்டத்தை வைத்தபடி.

ரீச்சர் குந்தியிருந்து பார்த்தார். களைக்கு அள்ளிக் கொடுக்கக் கை வரவேயில்லை. இலைகளுக்கிடையே அங்கங்கே வெறும் மண் எட்டிப் பார்த்தது. சட்டென்று முகம் மலர்ந்தது.

"மண்ணுக்கு ஒன்பது. அதுவே கூடிப்போச்சு. மிச்சம் தொண்ணூற்றொண்டும் களை!"

ஜூலி நூல் கட்டி எண்ணினாள். தொண்ணூற்றிரண்டு.

"பாஸ், அன்ரி! லிஸ்டிலை பேர் போடுறன்."

"பொறு பிள்ளை. முதல் ரெண்டும் பிழையெல்லோ? திருப்பி வை சட்டத்தை."

மூர்த்தியர் பசியில் ஓக் மரத்தைக் கடிக்கும்வரை அவர் ஒருவரையும் வீட்டுக்கு விடவில்லை.