அறுத்த முனைக்கு எண்ணெய்

ஜன்னத் பீவி கொல்லையில் பச்சைப் பிளாஸ்டிக் புல்விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கூடத்தில் அவள் கணவர் கிபாயத்துல்லாவின் மய்யித், துணி போர்த்திய உடல், கிடந்தது. ஓதும் சத்தம் இங்கே வரை கேட்டது. விரிப்புக்கு அடியிலிருந்து பூஞ்சை வாடை குப்பென்று ஏறியது.

விரிப்பு மூடியிருந்த வேம்படி மரத்தளம் கிபாயத்துல்லா தன் கையால் போட்டது. துபாயில் கடலோர ஓட்டல் ஒன்றில் இப்படிப்பட்ட தளங்களைப் பராமரிப்பதுதான் அவர் வேலை. ஊர் திரும்பி இதைப் போட்டபோது கோட்டைப்பட்டினமே 'கப்பல்' என்று பேர் வைத்துச் சிரித்தது. மனுஷர் அசரவில்லை. பலகை இடுக்கில் விழும் வேப்பிலைகளை நோண்டி எடுப்பார். மழைக்கு முன்னால் ஆளிவிதை எண்ணெய் பூசுவார். பொண்டாட்டி தலைக்கு இவ்வளவு எண்ணெய் தேய்த்திருப்பாரா என்று ஜன்னத் குத்திக்காட்டுவாள். ஆனாலும் சாயங்கால டீ அவர்கள் இருவருக்கும் அங்கேதான். அந்த நேரம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன மழைக்காலத்தில் அவர் படுக்கையில் விழுந்தார். புதுக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் மகன் அஜ்மல், அத்தா ஜன்னல் வழியே பச்சையாகப் பார்க்கட்டும் என்று இந்த விரிப்பை வாங்கிவந்து போட்டான். தண்ணீர் இறங்கவும் வழியில்லை, காயவும் வழியில்லை. அடியில் பலகை மக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? பையன் ஆசையாகப் போட்டதை எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. தான் இறந்தபின் தன்னை அந்தத் தளத்தில்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தார். இன்று விடியலில் தொழுது, டீ குடித்து, கண் அயர்ந்தவர் எழவில்லை. நல்ல மவுத்து என்று எல்லோரும் சொன்னார்கள். ஜன்னத்துக்கும் அழுகையோடு அந்த நிறைவு இருந்தது.

கணவரின் தம்பி அப்ரார் காலால் ஒரு பலகையை அழுத்திப் பார்த்துவிட்டு அண்ணியிடம் சொன்னார்.

"மச்சி, இது மக்கிப்போச்சு. நாலு பேரு நின்னு குளிப்பாட்டையில மய்யித்தோட சாஞ்சுச்சுன்னா என்ன ஆவுறது? வாசல்ல மறைப்பு கட்டிக்கலாம்."

அடக்கம் முடிந்ததும் இதைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சிமெண்டுத் தளம் ஊற்றித் தருவதாகவும் சொன்னார். கெட்ட எண்ணமில்லை, பயம்தான்.

ஜன்னத் கணவரின் திருப்புளியை எடுத்துவந்து ஒவ்வொரு பலகையாகக் குத்திப் பார்த்தாள். நல்ல மரம் 'டக்'கென்று தடுத்தது. குழாயடியில் இருந்த இரண்டில் மட்டும், வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கியது.

"ரெண்டுதான் தம்பி. அடிச்சட்டம் கெட்டியா இருக்கு."

கிபாயத்துல்லா முன்பே வாங்கிவைத்த மாற்றுப் பலகைகள் மாடிப்படிக்குக் கீழே இருந்தன. தன் விரிப்புதான் மக்கவைத்தது என்று புரிந்து அஜ்மலின் முகம் சுண்டிப்போனது. அவனே உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினான், சட்டத்தில் ஒட்டியிருந்த மக்கலைச் சுரண்டித் துடைத்தான், புதுப் பலகைகளை அளவுக்கு அறுத்தான். பள்ளிவாசலிலிருந்து குளிப்பாட்டும் பெஞ்சைக் கொண்டுவந்தவர்கள் பிற்பகல் அசர் தொழுகைக்குள் மய்யித்தை எடுக்க வேண்டுமே என்று நெளிந்தார்கள்.

அஜ்மல் பலகையைப் பொருத்தப் போகையில் ஜன்னத் எண்ணெய் டின்னை முன்னால் வைத்தாள். அறுத்த முனையை அப்படியே விட்டால் மரம் அந்த வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும்.

"இன்னைக்கு ஒரு தடவ குளிப்பாட்டத்தானேம்மா? பொறவு சின்னத்தா பிரிச்சிருவாங்கள்ல."

"நான் இத்தா இருக்கணும்ப்பா. இன்னையிலேர்ந்து மாசக்கணக்குல வாசப்படி தாண்ட முடியாது. வானத்தப் பாக்க எனக்கு இருக்குற எடம் இதுதான். இத எடுத்துட்டா நான் எங்கிட்டுப் போய் ஒக்காருவேன்?"

அஜ்மல் துணியை எண்ணெயில் முக்கினான். அப்ரார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்னொரு பலகையை அவனுக்கு வாகாக நிமிர்த்திப் பிடித்தார்.

கிபாயத்துல்லாவை அங்கேயே குளிப்பாட்டினார்கள். ஊற்றிய தண்ணீர் எங்கும் தேங்காமல் இடுக்குகளில் இறங்கி மணலுக்குள் போனது. பலகை ஒன்றுகூட முனகவில்லை.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜன்னத் கொல்லைக்கு வந்தாள். அப்ரார் உள்ளிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் அதை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, வெறும் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.